அடிபடாத செடியும் அழுதது

தக்காளி இலையை இடுக்கியால் நசுக்குவதுதான் என் ஆராய்ச்சி. ஓர் இலை காயப்பட்டால் போதும், புழு வந்துவிட்டதென்று செடி முழுக்கப் பாதுகாப்பு ஜீன்கள் விழித்துக்கொள்ளும். புழுவுக்குச் செரிக்காத புரதம் எல்லா இலையிலும் சேரும். எனக்கும் அதே சுபாவம். யாராவது "கொஞ்சம் உள்ள வாங்க" என்றால் உள்ளங்கால் வரை விழித்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரத்து ஆய்வகம் ஒன்றில் என் வேலைக்கு இன்னும் ஒரு வருட நீட்டிப்பு கிடைக்குமா என்று கமிட்டி முடிவு செய்ய வேண்டிய நேரம். ஜீன் விழித்ததைக் காட்டும் எக்ஸ்ரே பிலிமில் நசுக்கிய செடிக்குக் கருப்புக் கோடு விழ வேண்டும், தொடாத செடிக்கு விழக்கூடாது. எனக்கு இரண்டுக்கும் விழுந்தது.

மனத்துக்குள் தம்பானூரில் திருநெல்வேலி ரயிலே ஏறிவிட்டேன். வீட்டுக்கு போன் செய்து, "பெட்டியைக் கட்டு" என்றேன்.

"போன மாசம் கட்டினதே பிரிக்காமக் கெடக்கு. சாப்பிட வாங்க" என்றாள் மனைவி.

என் ஆய்வு வழிகாட்டி மேடம், அதே ஊர் வலியசாலை அக்ரகாரத்து அம்மாள். பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா இது, அடிபடாததும் சேர்ந்து அழறது? உன் கவலையெல்லாம் அதுகிட்டப் போய்ச் சொன்னியா?"

காற்றைச் சந்தேகித்தேன், வெட்டுக்கிளியைச் சந்தேகித்தேன், சுவரிலிருந்த பல்லியையும் விடவில்லை. மறுநாள் காலை, செடிகள் வளரும் வலைக்கூடத்தில் உரமூட்டைக்குப் பின்னால் பதுங்கினேன். கதவு திறந்தது. வந்தவர் மேடம்தான். வாசலோரம் இருந்த தொடாத செடிகளைக் கடக்கும்போது கை தானாக நீண்டது; ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்தபடியே போய்விட்டார். அவர்கள் தெருவில் துளசியைக் கிள்ளாமல் யாரும் தாண்டிப் போவதில்லை. இது தக்காளி என்று அந்தக் கைக்கு யார் சொல்வது? நான் சொல்வதாக இல்லை. அதற்கு வேண்டிய ஜீன் என்னிடம் கிடையாது.

புதிய நாற்றுகள் வளர்ந்ததும் வாசலில் ஒரு துளசித் தொட்டியை வைத்தேன்.

"இது எதுக்கு?" என்றார் மேடம்.

"பூச்சி வராம இருக்க, மேடம்."

என்னையும் தக்காளியையும் மாறிமாறிப் பார்த்தார். மெதுவாக ஒரு துளசி இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"இதைக் கிள்ளினா கமிட்டியில யாரும் கேக்க மாட்டா, அல்லே?"

நான் அவசரமாகத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்த பிலிமில் தொடாத செடியின் இடம் வெள்ளையாக இருந்தது. ஒரு வருடமும் கிடைத்தது. வீட்டுக்குப் போனதும், "பெட்டியைப் பிரிச்சிரலாம்" என்றேன்.

"கெடக்கட்டும்" என்றாள் மனைவி. "அடுத்த வருசமும் கமிட்டி வரும்லா."