அழாமல் நின்ற முனி

ஓசூர் மருத்துவமனையில் முழங்கால் வலியோடு என் முறைக்காகக் காத்திருந்தேன். எதிரே ஒரு குழந்தைக்கு ஊசி போட்ட செவிலி, "குட் கேர்ள், அழவே இல்ல பாரு" என்று கன்னத்தைக் கிள்ளினாள். ஸ்பிரிட் வாசனையோடு எனக்குக் கோபமும் சுர்ரென்று ஏறியது. இந்த வயதில் ஆகாதுதான். ஆனால் அந்தப் பாராட்டோடு எனக்குப் பழைய பகை உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், எங்கள் ஊர் பேரிகைக்கு அம்மை குத்துபவர் வந்து, தோளில் வைத்துத் திருகும் திருகூசியை ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சும்போதும் இதே வாசனைதான். நான் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்து தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அலறினேன். என் பன்மொழிப் புலமை அத்தோடு சரி. அடுத்து நின்ற முனி, என் வயதுக்காரி, சித்தப்பாவின் இறந்துபோன முதல் மனைவியின் மகள். கையை நீட்டினாள், இமைக்கவில்லை.

"எம் பொண்ணப் பாருங்க்கா. உங்களுது மாதிரி ஊரக் கூட்டல" என்றாள் இரண்டாவதாக வந்த சித்தி. ஊரும் ஆமோதித்தது.

குத்திய இடம் பொருக்குத் தட்டி உதிரும்வரை மாரியம்மன் வீட்டில் இருப்பதாக எங்களுக்கு எண்ணம். தாளிப்பு கிடையாது, வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதும் குற்றம். அன்று மாலையே நான் அக்குற்றத்தைச் செய்தேன்.

"நீ அழுடி. அம்மங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று அம்மா என் தோளை ஊதினாள்.

சில நாள் கழித்துச் சித்தி வீட்டுக்குப் போன அம்மா, முனி ஒற்றைக் கையால் திரிகை சுற்றி ராகி அரைப்பதைக் கண்டாள். சட்டைக் கையை விலக்கினால், தோள் சீழ் வைத்து வீங்கியிருந்தது, உடம்பு கொதித்தது.

"ஏன்டி, வலிக்குதுன்னு சொல்றதுக்கென்ன?"

"யாருகிட்ட சொல்றது பெரிம்மா?"

அதில் குறையோ புகாரோ இல்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

அம்மா அவளைத் தூக்கிக்கொண்டாள். சித்தி வாசலை மறித்தாள்.

"நல்லா இருக்கறவளக் கெடுக்காதீங்க்கா."

"கையி அழுகுது, இதாடி நல்லா இருக்கறது? தள்ளு."

அதன்பின் முனி எங்கள் வீட்டுப் பிள்ளை. புண் ஆறும்வரை முனகக்கூட இல்லை. மாம்பழக் காலத்தில் ஒருநாள், செவ்வெறும்பு கடித்ததற்குத் தெரு அதிர ஓலமிட்டபடி அம்மாவிடம் ஓடினாள்.

"எங்கிட்ட இருந்தவரைக்கும் அழுதாளா இவ?" என்று எதிர்வாசலிலிருந்து சித்தி கேட்டாள்.

"அழல" என்றாள் அம்மா, எறும்பு கடித்த விரலை ஊதியபடி. "அதான் கூட்டியாந்தேன்."

அம்மை ஒழிந்தது. திருகூசி போயிற்று, புதிய தோள்களில் அந்தத் தழும்பும் இல்லை. அம்மா போய் வெகுகாலம். முனியும் போன தையில் போய்விட்டாள்.

என் முறை வந்தது. முழங்காலை அழுத்திய மருத்துவர், வலிக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்றேன். அம்மனிடம் சொல்லிக்கொள்ள இப்போது எனக்கும் யாருமில்லை.