வாசம் சொல்ல ஒரு ஆள்

அண்ணன் கிஷோருக்கு வாசம் தெரியாது. கோவிட் போனபோது அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சாம்பார் அடிப்பிடித்தால்கூடப் புகையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பான். அப்படிப்பட்டவன் எதற்கு எஸ்பிரஸோ காபி மெஷின் வாங்கினான் என்று ஊரில், கோபியில் இருக்கும் அம்மா போனில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவனோ, மெஷினுக்குப் பக்கத்தில் அண்ணியை நிறுத்திக்கொள்வான். குடித்துப் பார்த்துச் சொல்வது அவள் வேலை.

தாரணி அண்ணிக்குச் சம்பளம் வருகிற வேலையும் ஒன்று உண்டு. பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி. அங்கே செக்கிங். நாளெல்லாம் சட்டைகளைப் புரட்டி, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். கம்பெனிக்காரர்கள் சந்தாபுராவில் புது யூனிட் திறக்கிறார்கள். அங்கே சூப்பர்வைசராகப் போகிறாயா என்று இவளைக் கேட்டிருந்தார்கள். அதற்கு முன் திருப்பூரில் மூன்று மாதம் பயிற்சி, ஹாஸ்டலில் தங்கல். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று மேனேஜர் மௌரீன் சொல்லியிருந்தார்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி அவள் போனில் பேசியது என் காதில் விழுந்தது. என்னைப் பார்த்துவிட்டாள்.

"உங்கண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன் தம்பி."

"எப்ப அண்ணி?"

"அந்தக் காப்பி ஒரு நிலைக்கு வரட்டும். வந்துட்டா என்னை எதுக்குத் தேடப்போறாங்க?"

காபி ஒரு நிலைக்குத்தான் வந்திருந்தது. எந்த அளவில் அரைப்பது, எவ்வளவு தூள் போடுவது என்று இரண்டும் படிந்திருந்தன. ஆனால் அந்த வாரம்தான் அண்ணன் புது பாஸ்கெட் வாங்கினான். தூள் போடுகிற அந்தச் சின்னக் கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். ஓரம்வரை ஒரே அளவில் ஓட்டைகள். பழையதில் சில பெரிசு, சில அடைப்பு. "பாரு புள்ள, ஒண்ணுக்கொண்ணு முடியளவு வித்தியாசம் இல்லை!"

பழைய அரைப்பில் புதியதில் போட்டால் தண்ணீர் நிற்கவே இல்லை. குழாயைத் திறந்தது போல ஓடி, வெளுத்து விழுந்தது.

"புளிக்குதுங்க மாமா."

கொட்டை அரைக்கும் மெஷினில் இரண்டு கோடு நைஸாக வைத்தான். இப்போது தண்ணீருக்கு வழியில்லை. முக்கி முக்கிச் சொட்டியது. பிறகு தூளில் எங்கோ ஒரு விரிசல் கண்டுபிடித்து அது வழியாகப் பீய்ச்சியது.

"கசக்குது. புளிக்கவும் செய்யுது."

"ரெண்டும் எப்படி ஒண்ணா வரும்?"

"வருதுங்களே!"

ஒரு கோடு பின்னால் திருப்பினான். அரைப்பை அப்படியே விட்டுத் தூளைக் கூட்டினான். தூள் மேலே இடித்து, மெஷினுக்குள் இருக்கும் திருகாணியின் தடம் அதில் பதிந்தது. குறைத்தான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டையும் தொட்டால் எதனால் கெட்டது என்று தெரியாது என்பான். எங்கள் சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் ஆள் வெளியே வர முடியாது. பால் எடுக்க அவன் கதவைத் திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் அண்ணி சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் கிளாஸைப் பிடித்தபடி நிற்பாள். வியாழக்கிழமை கிட்டத்தட்டச் சரியாக வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், இன்று சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. அதற்குள் அவன், "பாக்கெட் உடைச்சு நாளாச்சு. கொட்டை பழசாக ஆக நாளைக்கு மறுபடி நைஸ் பண்ணணும்" என்றான்.

"அப்ப இது என்னைக்குமே நிக்காதுங்களா?"

"எப்படி நிக்கும்?" சந்தோஷமாகச் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை காலை முதல் காபியே தறிகெட்டு ஓடியது. மேடையெல்லாம் தெறித்தது. அண்ணி ஒரு மடக்கு குடித்துவிட்டு, "அருமைங்க மாமா. இதையே வச்சுக்குங்க. இனி எதையும் தொடாதீங்க" என்றாள்.

அண்ணன் கிளாஸை அவள் கையிலிருந்து வாங்கி உறிஞ்சினான். முகம் கோணியது.

"புளி மாதிரி இருக்கு. இதை அருமைங்கறே!"

அவள் அவனையே பார்த்தாள். "உங்களுக்குப் புளிப்புத் தெரியுதா?"

அவன் துணியால் மேடையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"புளிப்பு, கசப்பெல்லாம் நாக்குல தெரியும். அது எப்பவும் போகலை. வாசம்தான் இல்லை."

"அப்ப இத்தனை நாளா புளிக்குதா கசக்குதான்னு எதுக்கு என்கிட்ட கேட்டீங்க?"

"வாசம் எப்படி இருக்குன்னு கேட்டா காப்பி வாசம்னு சொல்லிட்டு ஓடிருவே. புளிப்பைக் கேட்டா நின்னு குடிப்பே. குடிக்கறப்ப எப்பவாச்சும் நீயா சொல்லுவே. ஒரு நாள் வெல்லப்பாகு மாதிரி இருக்குன்னே. ஒரு நாள் மழை பேஞ்ச மண்ணுன்னே. எனக்கு அதுதான் வேணும்."

அவளிடம் திட்டு ஏதோ தயாராக இருந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, கிளாஸைத் திரும்ப வாங்கி இன்னொரு மடக்கு குடித்தாள்.

அவள் போன் அடித்தது. மௌரீனின் கன்னடம் கலந்த குரல் வெளியே கேட்டது. "ஏனம்மா தாரணி? யெஸ்ஸா, நோவா? பேகா ஹேளும்மா, சீக்கிரம் சொல்லு, லிஸ்ட் கேக்கறாங்க."

அண்ணன் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்திருந்தான். அவள் நகர இடமில்லை. அங்கேயே நின்று சொன்னாள்: "வர்றேங்க மேடம். திருப்பூர் போறேன். மூணு மாசம்." மௌரீனுக்குச் சொன்னாளா, அவனுக்குச் சொன்னாளா என்று கேட்டால், இருவருக்கும்தான்.

அண்ணன் கதவை மூடினான். "சூட்கேஸ் மேல் பரண்ல இருக்கு. எடுத்துத் தர்றேன்" என்றான். கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போய்விட்டாள். முதல் நாள் காலையே வீடியோ கால். போனை மெஷினுக்கு நேராகப் பிடிப்பது நான். திரையில் ஹாஸ்டல் படிக்கட்டு, அடையாள அட்டை மாட்டிய அண்ணி, பின்னால் அவளை இடித்துக்கொண்டு இறங்கும் பெண்கள். மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டான். அதற்கு மறுநாளும்.

"தம்பிகிட்ட குடிச்சுப் பாக்கக் குடுங்க."

"இவன் எல்லாத்துக்கும் நல்லாருக்குன்னு தலையாட்டறான். ஒரே நிமிஷம் புள்ள. புதுப் பாக்கெட்."

"அக்கா, பஸ் எடுக்கறாங்க!" என்று யாரோ கத்தினார்கள். போனை எடுக்காமலே விட்டிருக்கலாம் அவள். அவன் கூப்பிடுவது வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கால் கீழ்ப்படியில் இருக்க, கம்பியைப் பிடித்தபடி திரைக்குள் குனிந்தாள். காபி இறங்கியது. சட்டையில் தையல் தேடும் அதே பார்வை.

"வெளுத்துருச்சு. தூளை மாத்தாதீங்க, இன்னொரு கோடு நைஸா வையுங்க."

"வாசம்?"

"இங்கிருந்து எப்படிங்க மாமா…" என்று ஆரம்பித்தவள், பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

"வறுத்த வேர்க்கடலை" என்றாள்.