எட்டாம் நம்பர் கார்

அதைக் கார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்திலிருந்து மாமா வாங்கி வந்தபோது அதற்குக் கண்ணாடியும் இல்லை, பின்சீட்டும் இல்லை. ரேஸ் ஓட இரண்டும் தேவையில்லை என்றார். மாமா அம்மாவின் தம்பி. ரூஜ் என்ற ஊரில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்தார். டயர்க் கடை வேலை முடிந்து வந்து, கராஜில் காருக்குள் இரும்புக் கூடு வெல்ட் பண்ணுவார். ஒஷாவா நகருக்கு அப்பால் சோளத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன வட்டத் தடம் இருந்தது. இப்படிப்பட்ட ஏழைக் கார்களுக்கென்றே அங்கே சனிக்கிழமைகளில் ரேஸ் வைத்தார்கள்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் அவருக்கு டோர்ச் பிடித்தவள் நான். ஆகவே கதவில் அவர் பெரிதாக எட்டு என்று எழுதியபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்கு எட்டு வயது. வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அம்மாதான் பதறினார். "எட்டு சனியன்ரை நம்பர். வாகனத்துக்கு ஆரும் எட்டு வைப்பினமே? ஒன்பதாக்கு."

"பிள்ளைக்கு எட்டு வயசு அக்கா," என்றார் மாமா. எனக்கு உச்சி குளிர்ந்தது. அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நான் விட்டிட்டு வரேக்கை நாலு."

வன்னியில் மாமியோடு இருந்த தன் மகனைத்தான் சொன்னார். அவனை நான் ஒரு போட்டோவில் மட்டும் பார்த்திருந்தேன். அந்தப் போட்டோவை மாமா ஸ்டியரிங்குக்கு மேலே டேப் போட்டு ஒட்டினார். கடைசியாகப் போனில் பேசியபோது, இந்தக் காரை ஓட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம்.

காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோனான் என்பார்கள். இவன் இன்னும் வரவேயில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

வைகாசியில், வன்னியில் சண்டை முடிந்துவிட்டதென்று ரி.வி.யில் சொன்னார்கள். அன்று வீட்டில் யாரும் சமைக்கவில்லை. சண்டை முடிந்தால் நல்லதுதானே, ஏன் அழுகிறார்கள் என்று நினைத்தேன். என் கவலை வேறு. இனி அவன் பிளேன் ஏறி வந்துவிடுவான், என் அறையில் பாதி போய்விடும். மாமியிடமிருந்து போன் வருவதும் நின்றிருந்தது. கோபமாக்கும் என்று விட்டுவிட்டேன். மாமா ஒரு மாதம் கராஜ் பக்கம் போகவில்லை. பிறகு ஒருநாள் யாரோடும் பேசாமல் போய் வேலையை முடித்தார்.

ரேஸ் நாளன்று அம்மா காரின் நாலு சில்லுக்கும் கீழே கண்ணூறு கழியவென்று தேசிக்காய் வைத்தார். காரைச் சோதிக்க வந்த வெள்ளைக்காரர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே மரியாதையாக வைத்தார். உள்ளே கழன்று விழக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும். மாமா ஹெல்மெட் எடுக்கப் போன நேரம் ஜன்னலால் கையை விட்டுப் போட்டோவை உரித்துக் குப்பைப் பீப்பாயில் போட்டேன். சட்டத்தை மதிக்கும் பிள்ளை நான்.

மாமா காருக்குள் ஏறி, பெல்ட் போட்டு, உடனே கழற்றினார். சீட்டுக்குக் கீழே தேடினார். பெடல்களுக்கு இடையில் தேடினார். ஒலிபெருக்கியில் எட்டாம் நம்பரை இரண்டு தரம் கூப்பிட்டார்கள்.

"படம் எங்கை?"

அவர் முகத்தைப் பார்த்ததும் பீப்பாயைக் காட்டிவிட்டேன். அதற்குள் புதுப் பை போட்டிருந்தார்கள். பழையதை ஏற்றிக்கொண்டு குப்பை லொறி போய்விட்டிருந்தது. மாமா கேட் வரைக்கும் ஓடினார். அவர் திரும்பி வந்தபோது மற்றக் கார்கள் மூன்றாவது சுற்றில் இருந்தன.

அம்மா எனக்கு அடிக்கவில்லை; எட்டைத்தான் திட்டினார். மாமா கதவில் சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்து அழுதார். ஒரு போட்டோவுக்குப் பெரிய ஆள் இப்படி அழுவாரா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவனுக்காக அழுகிறார் என்பதில் எரிச்சலும் வந்தது.

"இன்னொரு படம் அனுப்பச் சொல்லுங்கோவன் மாமா," என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினார். மாமா அந்தக் கையை விலக்கிவிட்டார்.

"ஓம் பிள்ளை, சொல்லுறன்."

மாமா சொன்னால் செய்பவர். வரப்போகிற போட்டோவில் அவன் என்னைவிடக் குள்ளமாக இருக்கவேண்டும் என்று, வீடு வரும் வரைக்கும் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டே வந்தேன்.