முதல் வரியில் இருந்த 2

சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி திரையின் நடுவே வந்து நின்றது. செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே ஓகே என்று ஒரு பொத்தான். அழுத்தினால் பெட்டியும் மறையும், புது மென்பொருளும் மறையும். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் அலுவலகத்தில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை என் நடையிலேயே தெரிகிறது என்று அம்மா கேலி செய்வாள். தெரியட்டுமே என்றுதான் நடந்தேன்.

கேட்டில் லாரிகளின் வரவுபோக்கை நோட்டில் எழுதிவந்தவரை ரிஜிஸ்டர் அண்ணன் என்போம். கொருக்குப்பேட்டைக்காரர். அன்று காலை மேனேஜர் அவர் நோட்டை வாங்கி அலமாரியில் பூட்டி, "இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான்" என்றார். முந்தின நாள் மென்பொருளை நிறுவிய இன்ஜினியர், செட்டிங்ஸ் ஃபைலில் எங்கள் கம்பெனி பெயரையும் சர்வர் பெயரையும் போடும் வேலையை மட்டும் என்னிடம் விட்டுப் போயிருந்தார். போட்டுச் சேமித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அண்ணன் என் நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டின் மேல் கையை வைத்திருந்தார். "தொட்டா ஷாக் அடிக்காதாமா?" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது. சர்வர் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மென்பொருளை மறுபடி நிறுவினேன். அது பழைய செட்டிங்ஸ் ஃபைலையே எடுத்துக்கொண்டு அதே பெட்டியைக் காட்டியது. வெளியே எண்ணூர் நெடுஞ்சாலை வரை லாரிகள் நின்று ஹாரன் அடித்தன. மேனேஜர் என்ன ஆச்சு என்று கத்தினார். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "அண்ணன்தான் கீபோர்டைத் தொட்டாரு சார்" என்றேன்.

"இன்னாமா சொல்ற? கைய வச்சிகினு சும்மாதான குந்தினு இருந்தேன். ஒண்ணியும் அமுக்கலமா."

"நோட்டைப் பிடுங்கின கடுப்புல வேணும்னே பண்ணியிருக்க. நாளையிலிருந்து மணலி யார்டுல போய் நில்லு" என்றார் மேனேஜர்.

"மணலி ஃபேக்டரி பொகை ஒத்துக்காது சார். எனக்கு இளைப்பு கீது, உங்களுக்கே தெரியும்."

மேனேஜர் காதில் வாங்கவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினியர் ஒருவழியாகப் போனில் கிடைத்தார். "நீங்க மாத்தின வரிய விடுங்க. மொத வரியிலேர்ந்து படிங்க" என்றார். அதுவரை நான் மாற்றிய வரிகளை மட்டுமே பார்த்திருந்தேன். மேலே நகர்த்தினேன். முதல் வரியில் தனியாக ஒரு 2.

"ரெண்டா? அங்க எதுவுமே இருக்கக் கூடாதே!"

பரீட்சைத் தாளிலும் வேலைக்கான விண்ணப்பத்திலும் பிள்ளையார் சுழி போடாமல் நான் ஒரு எழுத்தும் எழுதியதில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் கிடையாது. உ போலவே இருக்கும் 2-ஐத் தட்டியது டைப்ரைட்டிங்கில் தேறிய என் விரல்தான். தட்டியது எனக்கே தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்தும், எந்த மென்பொருள் திறக்க மறுத்தாலும், முதலில் என் விரல்களைத்தான் பார்க்கிறேன்.

அதை அழித்துச் சேமித்தேன். மென்பொருள் உடனே திறந்தது. "நான்தான் சார் போட்டேன். புள்ளையார் சுழி" என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கம்ப்யூட்டருக்கே சாமி கும்பிடக் கத்துக் குடுத்திட்டியே!" என்று எல்லோருக்கும் டீ சொன்னார்.

அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். "அப்ப நான் மணலிக்குப் போவணுமா சார்?"

"அட, அதை விடுய்யா."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"என் வெரலுன்னா மணலி. உன் வெரலுன்னா டீயாமா?"

டீ வந்தது. அவர் ஒரு கிளாஸை எடுத்து ஊதி ஊதிக் குடித்தார். என்னால்தான் குடிக்க முடியவில்லை.