செவ்வாய், வியாழன், ஆறரை மணி

2023ஆம் ஆண்டு ஜனவரி பத்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடம். வெப்பநிலை சைபருக்குக் கீழே இரண்டு. பகல் முழுவதும் பெய்த ஈரப்பனி வாசற்படியில் இறுகத் தொடங்கியிருந்தது. நான் உப்புத் தூவிவிட்டு உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, என் மருமகன் ஒரு பெரிய பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். பிரித்தால் உள்ளே தண்ணீர்த் தொட்டியோடு கூடிய ஒரு நீராவி அயன். அதன் அடியில் ஒட்டியிருந்த தகட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஆயிரத்து எழுநூறு வாற். ஊரில் மின்சார அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் மீற்றர் வாசிப்புகளைச் சரிபார்த்தவன் நான். எந்தச் சாமானிலும் என் கண் முதலில் தேடுவது அதைத்தான்.

“உது என்னத்துக்கு, தம்பி?” என்று கேட்டேன்.

“சாறி மடிக்க, மாமா.”

அவரும் என் மகளும் அப்போது ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் வீட்டில்தான் எங்களோடு இருந்தார்கள். அவருக்கு ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. காலை நாலு மணிக்கு எழும்பி, நாலரைக்குக் கூட்டாளியின் காரில் ஏறிவிடுவார். திங்கள் முதல் வெள்ளி வரை சாதாரண வேலை, சனிக்கிழமை ஓவர்டைம். என் பேத்திக்கு அப்போது மூன்று வயது. சனிக்கிழமை என்பதும் அப்பா இல்லாத நாள் என்றுதான் அவள் விளங்கி வைத்திருந்தாள். அந்தச் சனிக்கிழமையை விடுவிக்கத்தான் அயன் வந்தது. வேலையை விடுவது அவருடைய எண்ணத்திலேயே இல்லை. ஓவர்டைமில் வருகிற காசு வீட்டிலிருந்தே வந்தால் போதும் என்பதே கணக்கு.

யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வயதில் அவர் ஒரு சாறிக்கடையில் நின்றவர். கடையின் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்குச் சாறி உடுத்துவது அவருடைய வேலை. இங்கே பிறந்து வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குக் கலியாணத்துக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் சாறி வேண்டும். ஆனால் உடுக்கத் தெரியாது. முந்தானையையும், இடுப்பில் செருகும் கொய்யகத்தையும் முன்கூட்டியே மடித்து, அயன் பண்ணி, கிளிப் போட்டுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால், அவர்கள் சுற்றிச் செருகிக்கொண்டு போகலாம். இதையெல்லாம் அவர் சாப்பாட்டு மேசையில் விளக்கினார். என் மனுசி இடியப்பத்தைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கடைப் பொம்மையள் மூச்சு விடாமல் நிக்குங்கள் தம்பி. இஞ்சத்தைப் பிள்ளையள் போனிலை கதைச்சுக்கொண்டெல்லோ நிப்பினம்” என்றாள்.

“நான் சாறியைத்தான் மாமி தொடப்போறன். பிள்ளையளை இல்லை.”

எனக்கு மூன்று கவலைகள் இருந்தன. ஆம்பிளை ஒருவர் பொம்பிளையளின் சாறியை மடிப்பதைச் சனம் எப்படிக் கதைக்கும் என்பது ஒன்று. வீட்டின் முன்னறையை மேசை அடைத்துவிடும் என்பது மற்றது. மூன்றாவதும் பெரியதும் ஹைட்ரோ பில். குளிர்காலத்தில் பின்னேரம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை இங்கே மின்சாரத்தின் விலை உச்சத்தில் இருக்கும். ஏழு அடித்தால் பாதிக்கும் கீழே விழும். ஏழுக்குப் பிறகு தொடங்குங்கள் என்றேன். காலை நாலுக்கு எழும்புகிறவர் ஏழு மணிவரை சும்மா இருந்தால் அப்படியே கதிரையில் தூங்கிவிடுவார் என்றாள் மகள். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். ஆறரைக்கு மேசைக்கு வந்து முதல் அரை மணித்தியாலம் அயன் இல்லாமல் வெறும் கையால் மடிப்பது. ஏழு அடித்ததும் அயனைப் போடுவது. நான் சம்மதித்தேன். “ஆனால் அடுத்த வருசப் பொங்கல் வரைக்கும்தான். அதுக்குள்ளை சரிவராட்டி மேசையைத் தூக்கவேணும்” என்றேன். “ஓம் மாமா” என்றார்.

செவ்வாயும் வியாழனும் என்று இரண்டு நாட்களை ஒதுக்கிக்கொண்டார். வாரத்தில் எல்லா நாளும் செய்யப் போகிறேன் என்று அவர் கிளம்பியிருந்தால், ஒரு மாதத்தில் மேசையில் பேத்தியின் விளையாட்டுச் சாமான்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்து, குளித்து, பிள்ளைக்குச் சோறு தீத்தி, ஆறரைக்கு முன்னறை விளக்கைப் போடுவார். சாறியின் கரையைப் பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் பிடித்து, விரலை விரித்து மடக்கி, விரித்து மடக்கி ஏழு கொய்யகம் வைப்பார். மடிப்புகளின் கீழ்க்கரை ஒரே கோட்டில் நிற்காவிட்டால் உதறிவிட்டுத் திரும்பத் தொடங்குவார். நான் ஐந்து அடி தள்ளிச் சோபாவில் இருந்து செய்தி பார்ப்பதுபோல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெப்ரவரியில் ஒரு சாறியும் வரவில்லை. மார்ச்சில் மகளின் கூட்டாளிகள் இருவர் கொண்டுவந்தார்கள். மே மாதம் ஒரே வாரத்தில் ஒன்பது சாறி வந்தது. முன்னறை முழுக்கப் பட்டின் வாசமும் சூடேறிய துணியின் வாசமும். நானே வாசலில் நின்று வருகிறவர்களின் சாறிகளுக்கு இலக்கத் துண்டு குத்தினேன். ஆனி மாதக் கலியாணம் ஒன்றில்தான் எல்லாம் கவிழ்ந்தது.

அந்தப் பெண்ணின் கூறைச்சேலையை, அதாவது மணவறையில் மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொடுக்கும் சேலையை, சட்டை தைப்பதற்காக முதலே பெண்வீட்டில் கொடுத்திருந்தார்கள். பெண்ணின் தங்கை மற்றச் சாறிகளோடு அதையும் எங்களிடம் கொண்டுவந்தாள். மருமகன் மடித்து, அயன் பண்ணி, கிளிப் போட்டு, பெட்டியில் அழகாக வைத்துக் கொடுத்தார். வீட்டில் நாங்கள் நாலு பேரும் அந்தக் கூறையைப் பார்த்தோம். நல்ல நிறம் என்றோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. கலியாணத்தன்று கூறைத் தட்டைச் சபைக்குத் தொட்டுக் கும்பிடக் கொண்டுபோகும்போது, மாப்பிள்ளையின் பெரியம்மா சேலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். கொய்யகம் வைத்த கூறை. அதில் பன்னிரண்டு கிளிப்.

“ஆரோ உடுத்துக் கழட்டின கூறையையோ என்ரை பிள்ளை குடுக்கப்போறான்?” என்று சபையில் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டாராம்.

கிளிப்பெல்லாம் கழற்றி, கூறையை உதறித் திரும்ப மடித்து, ஐயரிடம் தண்ணீர் தெளிப்பித்து, முகூர்த்தம் முடிய நாலு நிமிடம் இருக்கத் தாலி கட்டினார்களாம். ஸ்காபரோவில் ஒரு கதை பரவ பஸ் தேவையில்லை. அடுத்த நாளே ஜூலை மாதத்துக்குச் சொல்லியிருந்த ஆறு பேரில் ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். ஆறாவது பெண் தமிழ்நாட்டுக்காரி; அவளுக்கு எங்கள் ஊர்ப் பெரியம்மாக்களின் கதை போய்ச் சேரவில்லை. அவள் மட்டும் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமை ஆறரைக்கு முன்னறையில் விளக்கு எரிந்தது. வெறும் மேசைக்கு முன்னால் மருமகன் நின்றார். கையில் மகளின் பழைய நைலெக்ஸ் சாறி. மடிக்கிறார், உதறுகிறார், மடிக்கிறார்.

“உது ஆருக்கு, தம்பி?”

“ஒருத்தருக்கும் இல்லை மாமா. இண்டைக்கு வியாழக்கிழமை.”

எனக்கு அது பதிலாகப் படவில்லை. ஒருவருக்கும் இல்லாத சேலைக்கு ஏழு மணிக்கு அயன் ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். மனுசி குசினியிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கினேன். இன்னொரு நாள், களைத்துப்போய் வந்திருக்கிறீர்கள், இன்றைக்கு விடுங்கோ என்று உண்மையாகவே இரங்கிச் சொன்னேன். “ஒருநாள் விட்டா மற்றநாள் கதிரை இழுக்கும் மாமா” என்றார். அவர் கதிரையில் அமர்ந்து வேலை செய்து நான் கண்டதில்லை.

ஓகஸ்ட் மாதத்தில் மனுசி தன் கூறையை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். நாற்பத்தொரு வருடத்துச் சேலை. அரக்கு நிறம், கனத்த சரிகை. “நைலெக்ஸிலை மடிச்சுப் பழகி என்ன வரும்? கூறையாலை விழுந்தனியள், கூறையிலையே பழகுங்கோ” என்றாள். பழைய பட்டு மடிப்பில் கிழியும் என்று நான் பதறினேன்.

“கிழிஞ்சா என்ன, உங்களுக்குத் திரும்பக் கலியாணமோ?” என்றாள்.

அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் என் கலியாணக் கூறை எங்கள் முன்னறையில் மடிந்தது, விரிந்தது. முதல் நாள் அவருக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. கனத்த பட்டு கைக்குள் நிற்காமல் வழுகியது. ஒக்டோபரில் இருபது நிமிடம். நான் நேரம் பார்ப்பதை அவர் அறிந்திருந்தார். முடித்ததும் என் பக்கம் திரும்பி ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவார். நான் நேரத்தைச் சொல்லுவேன். நாங்கள் இருவரும் அந்த வருடத்தில் அதிகம் பேசிக்கொண்டது அப்படித்தான். ஆனால் வருமானம் இல்லை. சனிக்கிழமை ஓவர்டைம் தொடர்ந்தது. பொங்கல் நெருங்கியது. மார்கழியில் கலியாணம் இல்லை என்பதால், கார்த்திகைக்குள் ஏதும் நடக்காவிட்டால் அவருடைய வருடம் முடிந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நவம்பர் நடுப்பகுதியில் மனுசிக்குத் தெரிந்த ஒரு அன்ரி தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகளின் கலியாணம், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கூறையை முன்கூட்டித் தொடவே கூடாது என்று அவர் முதலே சொல்லிவிட்டார். ஆனால் பிள்ளைக்கு உடுக்கத் தெரியாது. கூறை மாற்ற உள்ளே போன பெண்கள் முக்கால் மணித்தியாலம் வராமல் ஐயர் பதறுவதை அவர் பல கலியாணங்களில் பார்த்திருக்கிறார். “அங்கை ஹோலிலை வைச்சு, குடுத்த பிறகு, உடனே மடிச்சுத் தர ஏலுமோ தம்பி?” என்று கேட்டார்.

“ஏலும் அன்ரி” என்றார் மருமகன். எத்தனை நிமிடம் என்று அன்ரி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குக் கலியாண ஹோலுக்குப் போனோம். பெண்ணின் அறைக்கு வெளியே நடையில் ஒரு மடக்கு மேசை விரித்தார். பக்கத்தில் இருந்த மின்செருகியில் அயனைக் கொழுவினால் உயிர் இல்லை. வேலை செய்கிற செருகி இருபது அடி தள்ளி இருந்தது. மருமகன் என்னைப் பார்த்தார். வேறு யாரும் சும்மா இல்லை.

“மாமா, ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வேணும்.”

வேட்டியும் சால்வையுமாக, மேலே குளிர்ச்சட்டையோடு, பிளாசாவின் கார் தரிப்பிடத்தைக் கடந்து இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். காற்று வேட்டியைக் கிழித்துக்கொண்டு போனது. மெல்லிய வயர்கள் மலிவாக இருந்தன. ஆயிரத்து எழுநூறு வாற்றுக்கு அவை சூடேறிவிடும் என்று எனக்குத் தெரியும். தடித்ததாக, இருபத்தைந்து அடியில் ஒன்று எடுத்தேன்.

கூறைத் தட்டு சபையைச் சுற்றி வந்தது. எல்லோரும் தொட்டார்கள். மாப்பிள்ளை கொடுத்தார், பெண் வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். ஒரு நிமிடத்தில் என் மகள் கூறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். யாரும் பிரிக்காத மடிப்பை மருமகன் பிரித்தார். பெருவிரல், சுண்டுவிரல். விரித்து மடக்கி, விரித்து மடக்கி. அயனை அவர் தொடவேயில்லை. கொய்யகம் முழுக்கக் கையால் வைத்து முடித்த பிறகுதான் எடுத்தார், கடைசி மூன்று நிமிடத்துக்கு. என் ஏழு மணிச் சட்டம் அவர் கையில் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை வீட்டு வயதான மனுசி ஒருவர் தடியை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“உவர் ஆர், பொம்பிளையின்ரை தமையனோ?” என்று என்னிடம் கேட்டார்.

“இல்லை. என்ரை மருமகன்” என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலும். மருமகன் தலையை நிமிர்த்தாமலே ஒரு புருவத்தை உயர்த்தினார். “பதின்மூண்டு” என்றேன்.

பெண் கூறையுடுத்து வெளியே வந்தபோது ஐயர் இன்னும் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

தை மாதத்துக்கு நாலு கலியாணம் கேட்டு வந்தது. நாலு என்பது நல்ல எண்தான். ஆனால் ஓவர்டைமுக்கு ஈடாகாது. கணக்கை நான் மனதுக்குள் இரண்டு தரம் போட்டுப் பார்த்திருந்தேன். அவரும் பார்த்திருப்பார். பொங்கல் திங்கட்கிழமை வந்தது. பின்னேரம் வேலையால் வந்தவர் ஒரு கிண்ணம் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு நேரே முன்னறைக்குப் போனார். நான் எட்டிப் பார்த்தபோது மேசையைக் கவிழ்த்து வைத்து ஒரு காலை மடக்கிவிட்டிருந்தார்.

“என்ன தம்பி செய்யிறியள்?”

“பொங்கல் வந்திட்டுது மாமா. சொன்னது சொன்னதுதானே.”

அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மற்றக் காலை மடக்கக் குனிந்தார்.

“மேசையை நிமித்துங்கோ” என்றேன். “நாளைக்குச் செவ்வாய்க்கிழமை.”

குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனுசி தண்ணீரை நிற்பாட்டிக் கேட்டாள். பிறகு திரும்பத் திறந்தாள்.

அந்த வருட ஆவணியில், கலியாணங்களில் வருகிற காசு ஓவர்டைம் காசை எட்டியபோது, அவர் ஓவர்டைமை விட்டார். இப்போது அவர்கள் ஒஷாவாவில், தொழிற்சாலைக்குப் பக்கத்தில், சொந்த வீட்டில். திங்கள் முதல் வெள்ளி வரை அதே வேலை. செவ்வாயும் வியாழனும் அதே ஆறரை. சனிக்கிழமைகளில் குடும்பமாகக் காரில் ஏறி ஹோலுக்குப் போகிறார்கள். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சனிக்கிழமை என்றால் எல்லா வீட்டிலும் கலியாணம்தான் என்று நினைக்கிறாள். அவர் புது அயன் இரண்டு வாங்கிவிட்டார். பழையதை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

இன்று செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு மணி இருபது நிமிடம், சைபருக்குக் கீழே நாலு, பனி இல்லை. அயன் முன்னறை மூலையில் இருக்கிறது. மேசை நின்ற இடத்தில் கம்பளத்தில் நாலு பள்ளம் இன்னும் நிமிரவில்லை. ஆறரைக்கு நான் விளக்கைப் போடுகிறேன். ஏன் வீணாக என்று கேட்க ஆளில்லை. வழமையாக அதைக் கேட்கிற ஆள் நான்தான். இந்தத் தொழில் எனக்கு எவ்வளவு நட்டம் வைக்கும் என்று அந்த முதல் நாள் இதே இடத்தில் நின்று கணக்குப் போட்டது நினைவுக்கு வருகிறது. மேசை அவருடையது, அயன் அவருடையது, ஹைட்ரோ பில்லில் கூடிய தொகையை மாதாமாதம் நான் கேட்காமலே தந்தார். என் கையிலிருந்து போனது அந்த வயர் மட்டும்தான். அதையும் ஒஷாவாவுக்குக் கொண்டுபோய்விட்டார். நான் திருப்பிக் கேட்கவில்லை. விலை இருபத்து நாலு டொலர் தொண்ணூற்றொன்பது சதம். வரியோடு இருபத்தெட்டு டொலர் இருபத்து நாலு சதம். காசாகக் கொடுத்ததால், இங்கே ஒரு சத நாணயம் இல்லையென்று சரிக்கட்டி ஒரு சதம் கூட எடுத்தார்கள். ஆக, இருபத்தெட்டு டொலர் இருபத்தைந்து சதம்.