மைத்துனன் வாங்கித் தந்த தோள்பை

என் மனைவியின் தம்பி ஒரு பொய்யன். இரண்டாயிரத்து நான்கில் அவனும் நானும் அரும்பாவூரிலிருந்து பச்சைமலையில் மூன்று நாள் நடக்கக் கிளம்பினோம். வண்டியிலிருந்து விழுந்ததில் முறிந்த என் தோள் எலும்பு அப்போதுதான் கூடியிருந்தது. என்னால் பை சுமக்க முடியாது என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். முடியும் என்று காட்டத்தான் நான் போனேன்.

கிளம்பும் முன் எனக்குப் பை வாங்கப் பெரம்பலூர் கடைக்குப் போனால், அவன் ஒவ்வொரு பையிலும் நாங்கள் வாங்கியிருந்த சின்ன வெங்காயத்தைக் கொட்டித் தன் முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தான்.

"தூக்கப் போறது நான்டா, மாப்ள!"

"சும்மா இருங்க மாமா. உங்களுக்கு இடுப்பு எது, தொப்ப எதுன்னே தெரியல. பை வார எங்க கட்டுறது?"

கடைசியில் எனக்குத் தொளதொளவென்று தொங்கிய ஒன்றை வாங்கினான். முதல் ஏற்றத்திலேயே என் தோள் விண்விண்ணென்று வலித்தது. அவன் என் பையைக் கழற்றித் தன் முதுகில் மாட்டினான். அவன் அளவுக்கே தைத்தது போல இருந்தது. தன் பையை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு மூன்று நாளும் நடந்தான்.

வீடு திரும்பியதும், "மாமாதான்க்கா கடைசி வரைக்கும் சுமந்தாரு" என்றான். இன்றும் அதையே சொல்கிறான்.

டேய் மாப்ள, பொங்கலுக்குச் சொந்தமெல்லாம் கூடும். எல்லோர் முன்னாலும் சொல். அந்தப் பையைச் சுமந்தது யார்?