பூஜைக்கு மறுநாளிலிருந்து ஓடாத சிடி

புதன்கிழமை, காலை பத்து நாற்பது. வேலை நோட்டில் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன். கார் ஆடியோ வேலைக்கு வந்த நாளிலிருந்து நோட்டுப் போடுகிறேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்து கட்டம்: தேதி, வண்டி, என்ன கோளாறு, எப்போதிலிருந்து, என்ன செய்தேன். நான்காவது கட்டத்தைக் கேட்டு எழுதுவேனே தவிர, பல நாள் அதைத் திரும்பிப் படித்ததில்லை. இந்தக் குறிப்பு அந்தக் கட்டத்தைப் பற்றியது.

இன்னும் யார் சிடி போடுகிறார்கள் என்று தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். நம் ஊரில் கைமாறிக் கைமாறி ஓடுகிற பழைய கார்கள் இருக்கும் வரை யாராவது போடுவார்கள். அன்று வந்ததும் அப்படி ஒரு கார்தான். ஓட்டி வந்தவர் ஜெயந்தி. வீடு காலாப்பட்டில், வேலை டவுனில் ஒரு அலுவலகத்தில். கணவர் பிரான்சில் இருக்கிறார். அங்கே போய்ச் சேர விண்ணப்பித்திருக்கும் ஒரு வேலைக்கு இவர் பிரெஞ்சுத் தேர்வு எழுதியாக வேண்டும். பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்லும் பகுதியில் முதல் தடவை தோற்றுவிட்டார். இரண்டாம் தடவை வருகிற திங்கட்கிழமை.

அவருக்குப் பாடம் சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியரை எல்லாரும் பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி முசியே என்றுதான் சொல்வார்களாம். பிரான்சில் இருக்கும் மகளோடு தங்கப் புறப்படுவதற்கு முன், கேள்விகளைத் தன் குரலிலேயே பதிவு செய்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சிடி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பதில் சொல்ல இடைவெளி விட்டிருக்கிறார். கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினார். வேறு பிரதி கிடையாது. ஜெயந்தி காலையும் மாலையும் ஈசிஆரில் காரை ஓட்டியபடியே பதில் சொல்லிப் பழகி வந்தார். இப்போது கார் செட் அந்த சிடியை எடுத்ததும் சிறிது நேரம் முனகிவிட்டு வெளியே தள்ளுகிறது.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். போன வெள்ளியிலிருந்து என்றார். எழுதிக்கொண்டேன்.

என் முறை எளிமையானது. முதலில் நம்முடைய டெஸ்ட் சிடியை வாடிக்கையாளர் செட்டில் போட வேண்டும். அது ஓடினால் செட்டில் பழுதில்லை. பிறகு வாடிக்கையாளரின் சிடியை நம் கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் மேஜை செட்டில் போட வேண்டும். அதுவும் ஓடாவிட்டால் பழுது சிடியில். இந்த இரண்டு சோதனையில்தான் முப்பது வருஷம் பிழைத்திருக்கிறேன்.

என் டெஸ்ட் சிடி அவர் காரில் உடனே பாடியது. அவருடைய சிடி என் மேஜை செட்டிலும் ஓடவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெரிய கீறல் எதுவும் இல்லை. இருந்தாலும் கணக்கு சரியாக வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"செட்டு நல்லா இருக்கும்மா. சிடிதான் போயிடுச்சு."

"நல்லாப் பாருங்கண்ணா. போன வியாழன் வரைக்கும் ஓடுச்சு. ஒரு நாள்ல எப்படிப் போவும்?"

"வீட்ல எழுதுன சிடி அப்படித்தான். வெயில்ல கார்லயே கெடந்தா திடீர்னு போயிடும்."

"எங்க தெருவுல யார் வீட்லயும் சிடி போடற பொட்டி இல்லண்ணா. உங்களத்தான் நம்பி வந்தேன்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடத்தில், தொழில் தெரிந்தவன் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். வேறு வழியில்லையென்றால் பல் விளக்கும் பேஸ்டைத் தடவி மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள் என்றேன். கீறலே இல்லாத சிடிக்கு அது வைத்தியம் இல்லை, ஆபத்து. ஜெயந்தி சிடியை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டை முடித்து வைக்க உட்கார்ந்தேன். ‘என்ன செய்தேன்’ கட்டத்தில் ‘சிடி பழுது’ என்று எழுதிவிட்டு, வண்டி எண்ணைச் சரிபார்க்கப் பக்கத்தை மேலே பார்த்தேன். நான்காவது கட்டம் கண்ணில் பட்டது. ஜெயந்திக்கு முன்னால் அந்த வாரம் வந்த இரண்டு பேரும் வீட்டில் எழுதிய சிடி ஓடவில்லை என்றுதான் வந்திருந்தார்கள். இரண்டு பேரும் சொன்னதும் போன வெள்ளிதான். அவர்களையும் சிடி பழுது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். மூன்று வீட்டு சிடிகள் ஒரே வெள்ளிக்கிழமை கெட்டுப்போகுமா?

முந்தைய நாள் வியாழன். ஆயுத பூஜை.

போன வருஷத்து நோட்டை எடுத்தேன். அதற்கு முந்தைய வருஷத்தையும் எடுத்தேன். இரண்டிலும் பூஜை முடிந்த வாரத்தில் இதே புகார்கள் இருந்தன. எழுதியது என் கைதான், இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை.

எழுந்துபோய் மேஜை செட்டைப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்கப் பட்டன். பட்டன் மேல் வைத்தால் பிசுபிசுக்கும் என்று, சிடி நுழைகிற வாய்க்கு நேர் மேலே சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வழக்கம். காய்ந்த சந்தனம் பாதி உதிர்ந்திருந்தது. உதிர்ந்தது எங்கே போகும்? சிடி போடும்போது அதோடு உள்ளேதான் போகும். காரிலும் எல்லாரும் அந்த இடத்தில்தான் வைக்கிறார்கள்.

என் டெஸ்ட் சிடி கம்பெனியில் அச்சடித்தது. நன்றாக மின்னும். லென்ஸில், அதாவது செட்டின் கண்ணில், கொஞ்சம் தூசி இருந்தாலும் செட் அதைப் படித்துவிடும். வீட்டில் எழுதிய சிடி அந்த அளவு ஒளியைத் திருப்பி அனுப்பாது. லென்ஸ் சுத்தமாக இருந்தால்தான் அது ஓடும். இது எனக்குத் தெரியாத பாடம் இல்லை.

உடனே ஜெயந்திக்குப் போன் செய்தேன். மணி மூன்று இருபது.

"அந்த சிடிய ஒண்ணும் பண்ணிடாதம்மா."

"கையில பேஸ்ட் வச்சிருக்கேண்ணா. பழைய பிரஷ்ஷத்தான் தேடிட்டிருக்கேன்."

"பேஸ்ட கீழ வை. சிடிய உறைல போடு. தப்பு என்னோடது. வண்டிய எடுத்துட்டு வா."

அவர் வருவதற்குள் மேஜை செட்டின் மூடியைக் கழற்றினேன். பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸைத் துடைத்தேன். குச்சி மஞ்சளும் சிவப்புமாக வந்தது. அவர் வந்ததும் கார் செட்டை இறக்கி அதையும் அவர் எதிரிலேயே துடைத்தேன். இரண்டு குச்சிகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே நிறம். ஜெயந்தி குனிந்து பார்த்தார்.

"எஞ் சிடிக்குக் காரியமே பண்ணிட்டீங்களேண்ணா. உங்க பொட்டிக்கு மொதல்ல நாடி பாத்திருக்கலாம் இல்ல?"

அவருடைய சிடியை மேஜை செட்டில் போட்டேன். உள்ளே சுழலும் சத்தம் கேட்டது, ஒரு நொடி நின்றது. பிறகு ஒரு வயதான குரல் நிதானமாகக் கேட்டது: "ஊ அபித்தே வூ?" எங்கே வசிக்கிறீர்கள் என்று கேள்வி. ஜெயந்தி நின்றவாக்கில், பழக்கத்தில், பதில் சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது காலாப்பட்டு மட்டும்தான்.

மறுபடி இப்படி ஆகக் கூடாது என்று, செட்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர் போட்டு முழு சிடியையும் ஓடவிட்டுப் பதிவு செய்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க முசியே கேள்வி கேட்டார், ஜெயந்தி ஸ்டூலில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடாமல் கார் செட்டைத் திரும்ப மாட்டினேன். பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தபோது, தேர்வு முடிந்ததும் சொல்கிறேன் என்றார். அவர் தேறிவிட்டதாகச் செய்தி வந்ததையும் அதே நோட்டில் தேதியோடு எழுதியிருக்கிறேன்.

புதன்கிழமைப் பக்கத்தில் ‘சிடி பழுது’ என்பதை அடித்துவிட்டு, ‘நம் செட் பழுது’ என்று எழுதினேன். முன்னால் வந்த இரண்டு பேரையும் கூப்பிட்டேன். ஒருவர் வந்தார், அவர் சிடியும் ஓடியது. இன்னொருவர் சிடியை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். அதில் என்ன இருந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போதும் ஆயுத பூஜையன்று மேஜை செட்டுக்குப் பொட்டு உண்டு. பின்பக்கத்தில், ஸ்க்ரூவுக்குக் கீழே. பூஜைக்கு முன் எல்லா செட்டின் வாயிலும் டேப் ஒட்டிவிடுகிறேன். வீட்டில் எழுதிய சிடி ஒன்றையும் டெஸ்டுக்கு வைத்திருக்கிறேன்.

இளையவர்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். இரண்டு செட் ஒரே பதிலைச் சொன்னால் அது உண்மை என்று நம்பியிருந்தேன். ஒரே நாளில் ஒரே குங்குமத்தைக் கண்ணில் வாங்கிய இரண்டு பேர், இரண்டு சாட்சி ஆக மாட்டார்கள்.